எல்லாம் தள்ளுபடியில்தான் வாங்குகிறோம், ஆனாலும் மாதக் கடைசியில் ஏன் கையைக் கடிக்கிறது?

கேள்வி சுருக்கமாக இதுதான். வீட்டில் வந்துகொண்டிருந்த இரண்டு சம்பளத்தில் ஒன்று பாதியாகிவிட்டது, இன்னொன்று எத்தனை நாளைக்கு நிற்கும் என்று தெரியவில்லை. அதனால் எதை வாங்கினாலும் தள்ளுபடி பார்த்தே வாங்குகிறார்கள், கூப்பன் சேர்க்கிறார்கள், இரண்டு மூன்று கடை ஏறி இறங்கி விலை விசாரிக்கிறார்கள். அப்படியும் மூன்றாவது வாரத்திலேயே கிரெடிட் கார்டை எடுக்க வேண்டியிருக்கிறது. எங்கே ஓட்டை, இன்னும் கெட்டிக்காரத்தனமாக வாங்க என்ன வழி என்று கேட்டிருக்கிறீர்கள்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். விலை பார்க்கும் விஷயத்தில் உங்களிடம் குறை ஒன்றும் இல்லை. எவ்வளவு குறைத்து வாங்கினோம் என்று கணக்குப் பார்க்கிறீர்கள், எவ்வளவு கையை விட்டுப் போனது என்று பார்க்கவில்லை, அவ்வளவுதான். 1000 என்று போட்டிருக்கும் பொருளை 600-க்கு வாங்கினால் ரசீதின் அடியில் ‘உங்களுக்கு மிச்சம் 400’ என்று அச்சாகி வரும். அந்த 400 உங்கள் எந்தக் கணக்கிலும் வந்து சேராது, ஆனால் 600 போனது போனதுதான். வருமானம் ஒழுங்காக வரும் காலத்தில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, அடுத்த சம்பளம் வந்து மூடிவிடும். பொருளாதார மந்த காலத்தில் அப்படி இல்லை, ஏனென்றால் அடுத்த மாதம் மலிவாக வாங்குவதற்கே கையில் கொஞ்சம் ரொக்கம் இருந்தாக வேண்டும். இந்த மாதத் தள்ளுபடியில் அந்த ரொக்கத்தைக் கரைத்துவிட்டால், அடுத்த மாதம் எந்த விலை சொன்னாலும், எந்த அளவுப் பொட்டலம் கிடைத்தாலும், கடனிலாவது வாங்கித்தான் தீர வேண்டும்.

இது என் யூகம் மட்டும் இல்லை. யெசிம் ஓர்ஹன், மைக் பாலசோலோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்கக் குடும்பங்கள் கழிப்பறைக் காகிதம் வாங்கும் விதத்தைப் பல ஆண்டுத் தரவுகளை வைத்துப் பார்த்தார்கள், 2019-இல் வெளியான ஆய்வு அது. ஏன் கழிப்பறைக் காகிதம் என்றால், அது கெட்டுப்போகாது, எல்லா வீட்டுக்கும் வேண்டும், மலிவாக இருக்கிறதே என்று யாரும் கூடுதலாகப் பயன்படுத்துவதும் இல்லை. அப்படிப்பட்ட பொருளில் சிக்கனம் பிடிக்க இரண்டு நல்ல வழிகள் உண்டு, பெரிய கட்டாக வாங்குவது, தள்ளுபடி வரும்போது முன்கூட்டியே வாங்கி வைப்பது. இந்த இரண்டையும் வருமானம் அதிகமுள்ள குடும்பங்கள்தான் நன்றாகச் செய்தன. வருமானம் குறைந்த குடும்பங்கள் மலிவான பிராண்டைத் தேர்ந்தெடுத்து மிச்சம் பிடித்தார்கள், ஆனால் சின்னக் கட்டாக, தீர்ந்துபோன நேரத்தில், அன்றைய விலைக்கு வாங்கியதில் அந்த மிச்சத்தில் ஒரு பெரும் பகுதி திரும்பப் போய்விட்டது. அவர்களுக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. மாதத் தொடக்கத்தில் கையில் பணம் இருந்தபோது அவர்களும் அதே வழிகளைக் கூடுதலாகப் பின்பற்றியிருக்கிறார்கள்.

ஆகவே உங்கள் முதல் வேலை பேரம் இல்லை. ஒரு வாரத்துச் சாமான் செலவு அளவுக்காவது தனியாகப் பணம் ஒதுக்கி வைப்பதுதான் முதல் வேலை. இதை அவசர காலச் சேமிப்போடு சேர்க்காதீர்கள், அது வேறு. இது வாங்குவதற்கான கைமுதல், சின்னக் கடைக்காரர் சரக்கு எடுக்க வைத்திருக்கும் பணம் மாதிரி. அதை எப்படிச் சேர்ப்பது? வீட்டில் ஏற்கெனவே அடைந்து கிடப்பதைத் தீர்த்துத்தான். நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அலமாரியில் சலவைத்தூள், சோப்பு, ஷாம்பு எல்லாம் மாதக்கணக்கில் வரும் அளவுக்கு இருக்கிறது என்று. அது உங்கள் பணம், தூளாகவும் திரவமாகவும் உட்கார்ந்திருக்கிறது. வரும் 4 வாரத்துக்கு இருப்பு வைப்பதற்காக எதையும் வாங்காதீர்கள், எவ்வளவு நல்ல தள்ளுபடியாக இருந்தாலும் சரி. இருப்பதைத் தீர்த்து, அந்த வகையில் வழக்கமாகப் போகும் தொகையைத் தனியாக எடுத்து வையுங்கள். பிரித்துப் பார்க்காத, இன்னும் திருப்பிக் கொடுக்கும் கெடு முடியாத பொருள் ஏதாவது இருந்தால் ரசீதோடு போய்த் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கூச்சப்பட இதில் ஒன்றும் இல்லை.

அடுத்தது, கடைக்குள் நுழைவதற்கு முன்னால் பார்க்க வேண்டிய ஒன்று. எர்ன்ஸ்ட் எங்கல் என்ற ஜெர்மானியப் புள்ளியியலாளர் 1857-லேயே குடும்பங்களின் செலவுக் கணக்குகளை வைத்து ஒன்று காட்டினார்: வருமானம் குறையக் குறைய அதில் சாப்பாட்டுக்குப் போகும் பங்கு கூடிக்கொண்டே போகும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் வருமானம் இறங்கியதும் சாமான் செலவு திடீரென்று பூதாகரமாகத் தெரிய ஆரம்பிக்கும். போன வருடம் இதே சாமானுக்கு வருமானத்தில் கால் பங்கு போனது, இப்போது மூன்றில் ஒரு பங்கு போகிறது என்றால் நீங்கள் ஊதாரியாகிவிட்டீர்கள் என்று அர்த்தமில்லை, வகுக்கும் எண் சிறுத்துவிட்டது. அந்தப் பயத்தில் எல்லாரும் சாப்பாட்டிலேயே கை வைக்கிறார்கள், ஏனென்றால் அது தினமும் கண்ணில் படும் செலவு. கண்ணில் படாமல் போவது தானாகக் கழியும் செலவுகள். இலவசமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆரம்பித்து நீங்கள் மறந்தே போன சந்தாக்கள், யாரும் போகாத உடற்பயிற்சிக்கூடம், தேவைக்கு இரண்டு மடங்கு டேட்டா உள்ள போன் திட்டம், ஒரே வீட்டில் இரண்டு பேர் தனித்தனியாகக் கட்டும் ஒரே சேவை. கடைசி மூன்று மாத வங்கிக் கணக்கு விவரத்தையும் கார்டு பில்லையும் எடுத்து வைத்து, மாதாமாதம் திரும்பத் திரும்ப வரும் பெயர்களை மட்டும் கோடு போடுங்கள். ஒரு மாலை நேரம் போதும். மாதம் முழுக்கக் கடை கடையாக அலைந்து பிடிக்கும் மிச்சத்தைவிட இதில் அதிகம் கிடைப்பதுண்டு, அதுவும் ஒருமுறை நிறுத்தினால் ஒவ்வொரு மாதமும் தானாகக் கிடைத்துக்கொண்டிருக்கும். மருத்துவக் காப்பீட்டை மட்டும் தொடாதீர்கள். வேலையே நிச்சயமில்லாத நேரத்தில் ஒரு ஆஸ்பத்திரிச் செலவு வந்தால், எந்தத் தள்ளுபடியும் அதை ஈடு கட்டாது.

சரி, இப்போது கடைக்கு வருவோம். விலையை விடுங்கள், அளவுக்கு என்ன விலை என்று பாருங்கள். உதாரணத்துக்கு ஒரு சலவைத்தூள். 500 கிராம் 60, ஒரு கிலோ 125, இரண்டு கிலோ 230 என்று வைத்துக்கொள்வோம். 100 கிராமுக்குக் கணக்குப் போட்டால் 12, 12.50, 11.50. நடுப் பொட்டலம் சின்னதைவிட விலை கூடுதல்! பெரியது என்றால் மலிவாகத்தான் இருக்கும் என்று பழகிய கை இதைக் கவனிக்காமல் எடுத்துக் கூடையில் போட்டுவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998-இல் கொண்டுவந்த விதிப்படி விற்பனை விலையோடு கிலோவுக்கு, லிட்டருக்கு என்ன விலை என்பதையும் காட்ட வேண்டும், இன்னும் பல நாடுகளிலும் அலமாரியின் விளிம்பில் சின்ன எழுத்தில் அது இருக்கும். இல்லாவிட்டால் போனில் கால்குலேட்டர் இருக்கிறது. இன்னொரு படி மேலே போய், சலவைத்தூளில் எடையைவிட எத்தனை தடவை துவைக்கலாம் என்பதுதான் சரியான அளவு. அடர்த்தியான திரவம் ஒரு மூடி போதும், மலிவான தூள் இரண்டு கரண்டி கேட்கும். பொட்டலத்தின் பின்பக்கம் எத்தனை முறைக்கு வரும் என்று போட்டிருப்பார்கள், அதால் வகுத்துப் பாருங்கள். அப்புறம் வீட்டில் உண்மையில் எவ்வளவு கொட்டுகிறோம் என்றும் பாருங்கள், பெரும்பாலும் சொன்ன அளவுக்கு மேல்தான் கொட்டுவோம்.

தள்ளுபடிகளில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு ஒன்று உண்டு, ஏனென்றால் உங்கள் கேள்விக்கே அதில் பதில் இருக்கிறது. 400 கிராம் பொட்டலம் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கடையில் ‘25 சதவீதம் கூடுதல்’, இன்னொரு கடையில் ‘20 சதவீதம் தள்ளுபடி’. பார்த்தவுடன் 25 பெரிதாகத் தெரியும். முதல் கடையில் 500 கிராம் 100-க்குக் கிடைக்கிறது, இரண்டாவதில் 400 கிராம் 80-க்கு. இரண்டிலும் 100 கிராம் 20-தான், ஒரு பைசா வித்தியாசம் இல்லை. ஆனால் முதல் கடையில் கையிலிருந்து 100 போனது, இரண்டாவதில் 80. அளவுக்கு விலை ஒன்றாக இருக்கும்போது, பணம் இறுக்கமான மாதத்தில், குறைவாகக் கையை விட்டுப் போவதையே எடுங்கள். ‘இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்’ என்பதும் இப்படித்தான். மூன்றையும் தீர்த்தால் அது 33 சதவீதத் தள்ளுபடி. ஒன்று போதுமான வீட்டுக்கு அது இரண்டு மடங்குச் செலவு. 50 சதவீதத்துக்கு மேல் இன்னும் 20 சதவீதம் என்றால் 70 இல்லை, 60. முதலில் 100 என்பது 50 ஆகிறது, அந்த 50-இல்தான் 20 சதவீதம், அதாவது 10 குறைகிறது.

விலையை ஏற்றாமல் அளவைக் குறைப்பதும் மந்த காலத்தில், விலைவாசி ஏறும் காலத்தில் அதிகம் நடக்கும். டப்பா அதே உயரம், அடியில் குழி ஆழமாகியிருக்கும், எடை மட்டும் மெல்ல இறங்கியிருக்கும். பிரான்சில் 2024 ஜூலை முதல், இப்படி அளவு குறைந்து அளவுக்கான விலை ஏறிய பொருளுக்குப் பக்கத்தில் பெரிய கடைகள் அறிவிப்பு வைக்க வேண்டும் என்று விதியே போட்டார்கள். எல்லா இடத்திலும் அப்படி விதி கிடையாது. நீங்கள் வழக்கமாக வாங்கும் 20 பொருளுக்குப் பெயர், எடை, விலை, தேதி என்று ஒரு சின்ன நோட்டிலோ போனிலோ குறித்து வையுங்கள். இதைவிடப் பலன் தரும் வேலை இந்த விஷயத்தில் வேறு இல்லை என்பது என் கருத்து. இரண்டு மூன்று மாதம் எழுதினாலே தெரிந்துவிடும், எந்தப் பொருள் எத்தனை வாரத்துக்கு ஒருமுறை தள்ளுபடிக்கு வருகிறது, வந்தால் எவ்வளவு இறங்குகிறது என்று. பல பொருட்கள் ஒரு சுற்றாகத்தான் வரும். 6 வாரத்துக்கு ஒருமுறை வருகிறது என்றால் 6 வாரத்துக்குத் தேவையானதை மட்டும் அப்போது வாங்கினால் போதும், வருடத்துக்கு வாங்க வேண்டியதில்லை. முன்னே சொன்ன அந்தத் தனிப் பணம் இதற்குத்தான்.

அந்த நோட்டு இன்னொன்றுக்கும் உதவும். அடுத்த மாதம் வரப்போகும் பெரிய தள்ளுபடி விற்பனைக்குக் காத்திருக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். காத்திருக்கலாம், ஆனால் இன்றைய விலையை இன்றே எழுதி வைத்துவிட்டுக் காத்திருங்கள். அடித்துக் காட்டியிருக்கும் பழைய விலை நம் மனதில் ஆணி மாதிரி இறங்கிவிடும், அதன் பிறகு எந்த விலையைப் பார்த்தாலும் அதோடு ஒப்பிட்டே மலிவு என்று தோன்றும். முதலில் கேட்ட எண் நம் மதிப்பீட்டை எப்படி இழுக்கிறது என்று உளவியலாளர்கள் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானெமனும் 1974-இல் எழுதியது இதைத்தான் விளக்குகிறது. விற்பனைக்குச் சில வாரம் முன்பு விலையை ஏற்றி, பிறகு இறக்கிக் காட்டும் வழக்கம் உண்டு என்பதால்தான், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 முதல் ‘தள்ளுபடி’ என்று அறிவிக்கும் கடை அதற்கு முந்தைய 30 நாளில் இருந்த மிகக் குறைந்த விலையையே பழைய விலையாகக் காட்ட வேண்டும் என்று ஆக்கினார்கள். விற்பனைக்குப் போகும்போது வேண்டிய பொருளை எழுதி, இதற்கு மேல் கொடுக்க மாட்டேன் என்ற தொகையையும் பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். அந்த விலைக்குக் கிடைத்தால் வாங்குங்கள், கிடைக்காவிட்டால் திரும்பி வாருங்கள். வெறுங்கையோடு திரும்பினால் அந்த விற்பனை வீண் என்று நினைக்காதீர்கள்.

வெறுங்கையோடு திரும்புவது ஏன் அவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்பதற்குப் பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் தேலர் 1985-இல் ஒரு விளக்கம் கொடுத்தார். வாங்கும்போது நமக்கு இரண்டு சந்தோஷம் கிடைக்கிறது, ஒன்று பொருளால் வருவது, இன்னொன்று நல்ல விலைக்கு முடித்தோம் என்பதால் வருவது. இரண்டாவது சந்தோஷம் தனியாகவே நிற்கும், பொருள் தேவைப்படாவிட்டாலும் வரும். வருமானம் குறைந்து மனம் சோர்ந்திருக்கும் நேரத்தில், இதிலாவது நாம் ஜெயித்தோம் என்ற அந்த உணர்வு ரொம்பவே இழுக்கும். உங்கள் அலமாரி நிறைந்ததற்கு அதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அதைத் தடுக்க ஒரே கேள்வி போதும்: இந்தப் பொருள் தள்ளுபடி இல்லாமல் இதே விலைக்குச் சாதாரணமாக அலமாரியில் இருந்திருந்தால் இன்று எடுத்திருப்பேனா?

கடையின் அமைப்பும் இந்த மாதிரி நேரத்தில்தான் உருவானது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. உலகப் பொருளாதாரத்தையே சரித்த பெருமந்தம் தொடங்கிய அடுத்த வருடம், 1930-இல், நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் மைக்கேல் கல்லன் என்பவர் ‘கிங் கல்லன்’ என்ற கடையைத் திறந்தார். வாடகை குறைந்த இடத்தில் பெரிய கட்டடம், மலையாகக் குவித்த சரக்கு, தானே எடுத்துக்கொள்ளும் முறை, குறைந்த லாபம். சூப்பர் மார்க்கெட்டின் தொடக்கமாகப் பலரும் சொல்வது அதைத்தான். 1937-இல் ஓக்லஹோமா நகரத்தில் சில்வன் கோல்டுமேன் என்ற கடைக்காரர் கவனித்தது என்னவென்றால், கையில் தூக்கிய கூடை கனத்ததும் ஆட்கள் வாங்குவதை நிறுத்திவிடுகிறார்கள். அதற்காகவே தள்ளுவண்டியைக் கொண்டுவந்தார். அவருக்குப் பிரச்சினையாக இருந்த அதே கனம் உங்களுக்கு உதவி. பட்டியலில் 10 பொருளுக்குக் கீழ் இருந்தால் தள்ளுவண்டியைத் தொடாதீர்கள், கைக்கூடை எடுங்கள். பசியோடு போகாதீர்கள். கடை நஷ்டத்துக்கே கொடுக்கும் ஒன்றிரண்டு பொருளை விளம்பரத்தில் போட்டு உள்ளே இழுப்பார்கள், அதை மட்டும் வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட முடியும் என்றால் உங்களுக்கு லாபம். அதற்காகத் தனியாக வண்டி எடுத்துக்கொண்டு ஊரின் மறுகோடிக்குப் போனால் எரிபொருளும் நேரமும் சேர்ந்து அந்த லாபத்தைத் தின்றுவிடும்.

கடையின் சொந்தப் பெயரில் வரும் பொருட்களைப் பற்றித் தயக்கம் இருக்கிறது என்றீர்கள். 2007-இல் வெளியான ஒரு ஆய்வு அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி, பெல்ஜியம் ஆகிய நாடுகளில் பார்த்து, பொருளாதாரம் சுருங்கும்போது இப்படிப்பட்ட பொருளுக்கு மாறுகிறவர்களில் ஒரு பகுதியினர் நல்ல காலம் திரும்பிய பிறகும் அதிலேயே தங்கிவிடுகிறார்கள் என்று காட்டியது. வேறு வழியில்லாமல் எடுத்துப் பார்த்து, பரவாயில்லையே என்று கண்டுகொண்டிருக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள், வாரம் ஒரு பொருள் மாற்றிப் பாருங்கள், வீட்டில் யாரிடமும் சொல்லாமல். காகிதப் பொருட்கள், துப்புரவுத் திரவம், குப்பைப் பை, பேட்டரி இவற்றில் பெரும்பாலும் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. மருந்தில் அதே மூலப்பொருள், அதே அளவு உள்ள மலிவான மாற்று இருக்கிறதா என்று மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்டு வாங்குங்கள், பெரிய வித்தியாசம் கிடைக்கும் இடம் அது. ஆனால் சார்ஜர், மின்கம்பி, டயர், பிரேக், ஹெல்மெட், நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவரின் செருப்பு, இவற்றில் மலிவைத் தேடாதீர்கள்.

செகண்ட் ஹேண்ட் பொருளுக்கும் இது நல்ல நேரம், ஏனென்றால் பலரும் விற்கிறார்கள். மேஜை, நாற்காலி, புத்தகம், கருவிகள், குழந்தைகளின் துணி, சைக்கிள் எல்லாம் தாராளமாக வாங்கலாம். ஹெல்மெட்டும் காரில் குழந்தையை உட்கார வைக்கும் இருக்கையும் மட்டும் வேண்டாம், ஏற்கெனவே அடிபட்டதா என்று வெளியில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

இப்போது கார்டு. கடன் நிலுவை ஓடும் கார்டில் தள்ளுபடிப் பொருள் வாங்குவதைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். 10 சதவீதத் தள்ளுபடியில் 100 மதிப்புள்ளதை 90-க்கு வாங்கினீர்கள். மாதம் 3 சதவீத வட்டி என்று வைத்தால் மாதம் 2.70. நான்கு மாதம் இழுத்தால் 10.80. பிடித்த மிச்சம் 10, கொடுத்தது 10.80, கூட்டுவட்டியும் அபராதமும் சேர்க்காமலேயே. அதோடு பழைய நிலுவை இருக்கும்போது புதிதாக வாங்குவதற்கு வட்டியில்லா நாட்கள் பல கார்டுகளில் கிடைக்காது, வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். உங்களுக்கு இன்று கிடைக்கக்கூடிய ஆகச் சிறந்த ‘தள்ளுபடி’ எந்தக் கடையிலும் இல்லை, அந்த நிலுவையை அடைப்பதில் இருக்கிறது. கார்டில் கொடுக்கும்போது கை தாராளமாகிவிடும் என்பதையும் டிராசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2001-இல் சோதித்துக் காட்டினார்கள். கூடைப்பந்து ஆட்டத்துக்கான டிக்கெட்டை ஏலம் விட்டபோது, கார்டில் கட்ட வேண்டும் என்று சொல்லப்பட்டவர்கள் ரொக்கம் கட்ட வேண்டியவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு கேட்டார்கள். நான்கு தவணையில் கட்டுங்கள் என்ற வசதியும் இதே ரகம், ஒரு தவணை சின்னதாகத் தெரியும், ஐந்து பொருளின் தவணைகள் ஒரே வாரத்தில் வந்து விழும்போதுதான் கனம் தெரியும். நிலைமை சரியாகும் வரை வாரச் சாமானுக்கு ரொக்கமாக எடுத்து உறையில் வையுங்கள், தீர்ந்தால் அந்த வாரம் அவ்வளவுதான்.

இவ்வளவையும் ஒரே மூச்சில் செய்யச் சொல்லவில்லை. பணத் தட்டுப்பாடு மூளையையும் தின்னும். 2013-இல் வெளியான ஒரு ஆய்வில் கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்பும் பின்பும் சோதித்தார்கள், பணம் இல்லாத அறுவடைக்கு முந்தைய நாட்களில் அதே ஆட்கள் யோசிக்கும் சோதனைகளில் பின்தங்கினார்கள். ஆகவே முடிவெடுக்கும் தடவைகளையே குறையுங்கள். கடைக்குப் போக வாரத்தில் ஒரு நாள் போதும். கடைகளின் செயலிகளில் வரும் அறிவிப்பை அணைத்துவிடுங்கள், ஆன்லைனில் கூடையில் போட்டதை இரண்டு நாள் கழித்துத் திறந்து பாருங்கள். பாதி வேண்டாம் என்று நீங்களே எடுத்துவிடுவீர்கள். அப்புறம், ஆளுக்கு ஒரு சின்ன ஆசைக்கு மாதம் ஒரு தொகையை விட்டு வையுங்கள், யாரும் யாரையும் கணக்குக் கேட்கக் கூடாது. அதையும் வெட்டினால் மூன்றாவது மாதம் பொறுக்காமல் பெரிதாக உடையும்.

எல்லாரும் இப்படிச் செலவைச் சுருக்கினால் மந்தம் இன்னும் மோசமாகாதா என்று கேள்வியின் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். ஆகும். ஒருவரின் செலவுதான் இன்னொருவரின் வருமானம், பொருளாதார அறிஞர் கெய்ன்ஸ் 1936-இல் அழுத்திச் சொன்ன விஷயம் அது. ஆனால் அதைத் தாங்க வேண்டிய பொறுப்பு ஒரு சம்பளம் பாதியான வீட்டுக்குக் கிடையாது, அரசுக்கும் வருமானம் நிலையாக இருப்பவர்களுக்கும்தான் உண்டு. உங்களால் செய்ய முடிந்தது வேறு. பேரத்தை எங்கே பேசுகிறோம் என்று பாருங்கள். போன் நிறுவனம், இணைய இணைப்பு, காப்பீடு, கடன் கொடுத்தவர் இவர்களிடம் பேசுங்கள், கூசாமல் பேசுங்கள், வேறு இடத்துக்கு மாறப் போகிறேன் என்றால் இறங்கி வருவார்கள். கடன் தவணை கட்ட முடியாது என்று தெரிந்தால் தவறுவதற்கு முன்பே கூப்பிட்டுச் சொல்லுங்கள், தவணையை நீட்டவோ தள்ளிவைக்கவோ வழி பெரும்பாலும் தவறுவதற்கு முன்புதான் எளிதாகக் கிடைக்கும். வீட்டு வேலைக்கு வருபவர், தெருவில் கூடையில் வைத்து விற்பவர், செருப்புத் தைப்பவர் இவர்களிடம் பிடிக்கும் பத்து இருபது உங்கள் மாதத்தை மாற்றாது, அவர்களின் ஒரு நாளையே மாற்றிவிடும். வேலை குறைக்க வேண்டிய நிலை வந்தால் நேரில் சொல்லி, முன்கூட்டியே சொல்லி, அதுவரைக்குமான கூலியைக் கணக்குத் தீர்த்துக் கொடுங்கள்.